கை நடுங்கினால் கத்தும் கம்பி: கேள்வி பதில்

வளைந்து நெளிந்த கம்பி ஒன்று, அதைச் சுற்றி ஒரு வளையம். கம்பியைத் தொடாமல் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கொண்டுபோக வேண்டும். தொட்டால் பஸ்ஸர் அலறும். பொருட்காட்சித் திடல்களில் பார்த்திருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகளோடு பல வருடமாக இதைச் செய்துவருகிறேன் என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆரம்பிக்கும் முன்பே ஒன்று: வீட்டு கரண்ட் இந்த விளையாட்டின் பக்கமே வரக் கூடாது. இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

மகன் ஏழாம் வகுப்பு. அறிவியல் கண்காட்சிக்குக் கேட்கிறான். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. என்ன வாங்குவது, எப்படி இணைப்பது?

தெரியாவிட்டால் பரவாயில்லை அம்மா, இதில் இருப்பது ஒரு சுவிட்ச் மட்டும்தான். கம்பி அதன் ஒரு பாதி, வளையம் மறு பாதி.

9 வோல்ட் பேட்டரி, அதன் தலையில் மாட்டும் கிளிப், ஒரு பஸ்ஸர், ஒரு மீட்டர் தடித்த கம்பி, மெல்லிய இழை வயர் இரண்டு மீட்டர், ஒரு பலகை. பஸ்ஸரை ‘3 முதல் 24 வோல்ட் டிசி’ என்று கேட்டு வாங்குங்கள். கறுப்பு டப்பாவில் சிவப்பு, கறுப்பு வயர்களோடு வரும். வட்டமான பித்தளைத் தகடு மட்டும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேட்டரியில் கொடுத்தால் அது ‘டிக்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தூங்கிவிடும்.

பேட்டரியின் சிவப்பு வயர் பஸ்ஸரின் சிவப்புக்கு. பஸ்ஸரின் கறுப்பு, கம்பியின் ஒரு முனைக்கு. பேட்டரியின் கறுப்பு, வளையத்துக்கு. முடிந்தது. கம்பியின் இரண்டு கோடியிலும் மூன்று சென்டிமீட்டருக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வளையம் சத்தமில்லாமல் உட்கார ஓர் இடம் வேண்டும். வளையத்துக்குப் பழைய பேனாக் குழாய் நல்ல கைப்பிடி. வளையத்தைக் கோத்த பிறகுதான் கம்பியின் இரண்டாவது முனையைப் பலகையில் இறுக்க வேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் கழற்றாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பேட்டரிக்குப் பதில் செல்போன் சார்ஜர் போடலாமா?

வேண்டாம். பிள்ளையின் கை வெறும் உலோகத்தில் படக்கூடிய விளையாட்டு இது. மலிவு சார்ஜருக்குள் 230 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பிரிக்கும் காப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

எல்லாம் சரியாக இணைத்தேன். கம்பியில் தொட்டால் சத்தமே இல்லை. பஸ்ஸரைத் தனியாகப் பேட்டரியில் வைத்தால் கத்துகிறது.

கம்பி மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வந்ததா? அப்படியென்றால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கிறது. பார்க்கச் செம்பு, தொட்டால் பிளாஸ்டிக். உப்புத்தாள் போட்டு முழு நீளத்துக்கும் தேய்த்தெடுங்கள். முனையை மட்டும் சுரண்டினால் போதாது, வளையம் தொடும் இடமெல்லாம் போக வேண்டும்.

ஒரு பள்ளிக் கண்காட்சியில் எனக்கே இது நடந்தது. திறந்துவைக்க வந்தவர் வளையத்தைக் கம்பிமேல் வைத்தே இழுத்துக்கொண்டு போனார். சத்தம் வரவில்லை. ‘உங்களுக்குக் கை உறுதி சார்’ என்றார் பக்கத்தில் இருந்த ஆசிரியர். நான் வாயைத் திறக்கவில்லை.

செம்புக் கம்பி விலை தாங்கவில்லை. ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்பு) போதாதா?

செம்புதான் நல்லது. மின்சாரம் நன்றாகப் போகும்.

நான் முப்பது வருடம் வயரிங் வேலை பார்த்தவன். பஸ்ஸர் எடுக்கும் கரண்டுக்குச் செம்பு என்ன, இரும்பு என்ன? சும்மா பிள்ளைகளுக்குச் செலவு வைக்காதீர்கள்.

அண்ணே, நியாயம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 கேஜ், அதாவது 3.25 மி.மீ. கம்பி ஒரு மீட்டர், செம்பில் 0.002 ஓம். இரும்பில் அதைப்போலப் பல மடங்கு, ஆனாலும் 0.02 ஓம் பக்கம்தான். பஸ்ஸர் எடுப்பதோ இருபது மில்லி ஆம்பியருக்குள். வித்தியாசம் பஸ்ஸருக்குத் தெரியவே தெரியாது. ‘நன்றாகப் போகும்’ என்று நான் சொன்னது வாய்ப் பழக்கம். ஆனால் செம்பு பிள்ளைகளின் கைக்கு வளையும், சால்டரிங் செய்தால் ஈயம் சட்டென்று பிடிக்கும். அதை விடமாட்டேன்.

சால்டரிங் எதற்கு? கம்பியைப் பலகைக்குக் கீழே இறக்கி, வயர் கனெக்டரில் ஸ்குரூ போட்டு இறுக்கினால் போதாதா? செம்பு வளைகிறது என்கிறீர்கள், நாலு பேர் இடித்தால் அதே செம்பு கோணலாகிவிடுமே.

இதுவும் உண்மை. ஐம்பது பிள்ளைகள் விளையாடிய பிறகு என் செம்புப் பாதை சவலைப்பிள்ளை மாதிரித் தொய்ந்திருக்கும். கண்காட்சியில் நாள் முழுக்க நிற்க வேண்டும் என்றால் ஜி.ஐ. போடுங்கள், வளைக்க மட்டும் பெரியவர் ஒருவர் கொறடோடு உதவட்டும். வீட்டில் செய்து, பிரித்து, திரும்ப வளைக்க வேண்டும் என்றால் செம்பு. அதற்கும் காயலான் கடையில் பழைய எர்த் கம்பி கிடைக்கும்.

நடுவில் நான்: அலுமினியம்?

வேண்டாம். அதன்மேல் தானாகப் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. லேசாக உரசினால் சில சமயம் பஸ்ஸர் பேசாது. ஈயமும் ஒட்டாது. இதில் அண்ணனும் நானும் ஒரே கட்சி என்று நினைக்கிறேன்.

தம்பி தொட்டுவிட்டு ‘தொடவே இல்லை’ என்கிறான். பஸ்ஸர் ‘இக்’ என்று மட்டும் சொல்கிறது. தினமும் சண்டை.

நான் காத்திருந்த கேள்வி. வளையம் உரசும் நேரம் சில மில்லி செகண்டுதான், காதில் விழுவதற்குள் முடிந்துவிடும். அந்தக் கணத்தைப் பிடித்து நீட்டத்தான் 555 ஐசி, நேரம் அளக்கும் எட்டுக் கால் சில்லு, இருக்கிறது. ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்து 1972-ல் சிக்னெடிக்ஸ் விற்க ஆரம்பித்தது. இன்றும் சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

8-ம் 4-ம் கால்கள் 9 வோல்ட்டுக்கு, 1-ம் கால் தரைக்கு, அதாவது பேட்டரியின் கறுப்பு வயருக்கு. 6, 7 இரண்டையும் சேர்த்து, அங்கிருந்து 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் மேலே 9 வோல்ட்டுக்கு, 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் கீழே தரைக்கு. 5-லிருந்து 0.01 மைக்ரோ ஃபாரட் தரைக்கு. 2-ம் காலை 10 கிலோ ஓம் வழியாக 9 வோல்ட்டில் கட்டிவிட்டு, அதே காலிலிருந்து வளையத்துக்கு வயர். வளைந்த கம்பி தரைக்கு. பஸ்ஸர் 3-ம் காலுக்கும் தரைக்கும் நடுவில். நேரம் 1.1 × ரெசிஸ்டர் × கெபாசிட்டர். இந்த மதிப்புகளுக்கு 1.1 விநாடி. தம்பி தப்பவே முடியாது. 100-ஐ 220 ஆக்கினால் இரண்டரை விநாடி வரை அழுவான்.

ஒன்று: இந்தச் சர்க்யூட் சும்மா இருக்கும்போதும் பேட்டரியைக் கொஞ்சம் குடிக்கும். சுவிட்ச் வையுங்கள்.

ஆர்டுயினோவில் மதிப்பெண் காட்ட புரோகிராம் தருவீர்களா?

அதற்கு வேறு ஆள் பாருங்கள் தம்பி.

லேப்டாப் சார்ஜர் போடலாமா?

மேலே படியுங்கள்.

காயில் கம்பி போட்டேன், சத்தம் வரவில்லை…

உப்புத்தாள்.

என் பிள்ளைகள் இரண்டே தடவையில் முடித்துவிட்டார்கள். எப்படிக் கடினமாக்குவது?

எல்லாரும் வளையத்தைச் சிறிதாக்குவார்கள். நான்கு சென்டிமீட்டர் வளையம் சிறுவர்களுக்கு, இரண்டு பெரியவர்களுக்கு; அதற்குக் கீழே போனால் எரிச்சல்தான் மிஞ்சும். வளைவைப் பாருங்கள். மேலும் கீழும் போகும் அலை எளிது, மணிக்கட்டு திரும்ப வேண்டியதில்லை. கம்பி விளையாடுபவரை நோக்கி வந்து திரும்பிப் போகும் இடத்தில்தான் கை தடுமாறும், ஏனென்றால் வளையத்தையும் கூடவே திருப்ப வேண்டும். ஸ்கெட்ச் பேனாவில் சுற்றி ஒரு முழுச் சுருள் வைத்தால் பாதிப் பேர் அங்கே மாட்டுவார்கள். அதைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள். முக்கால் தூரம் வந்தபின், இனி ஜெயித்தோம் என்று மூச்சை விடும் இடத்தில் வையுங்கள்.

தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது. இதை வைத்து நோய் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. எல்லார் கையிலும் விநாடிக்கு 8 முதல் 12 தடவை ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கிறது. காபி குடித்தால் கூடும். உளவியல் ஆய்வுக்கூடங்களில் கை உறுதியை அளக்கத் துளையிட்ட தகடும் உலோகக் குச்சியும் வைத்திருப்பார்கள், அதன் அடிப்படையும் இதே சர்க்யூட்தான். ஆனாலும் தாத்தாவை நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

சார்ஜர் வேண்டாம் என்கிறீர்கள், சரி. பைக் பேட்டரி 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே?

ஷாக் அடிக்காது. ஆனால் பஸ்ஸரைத் தாண்டி வயர் ஒன்று தெரியாமல் பட்டால், அந்தப் பேட்டரி நூறு ஆம்பியர்கூட ஒரு நொடியில் தள்ளும். வயர் பழுத்து, உறை உருகி, பிள்ளையின் விரலில் ஒட்டும். சின்ன 9 வோல்ட்டால் அவ்வளவு தர முடியாது, அதனால்தான் அதைச் சொல்கிறேன். இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிக் கேட்க வரிசையில் நிற்கும் மூன்று பேருக்கும் பதில் இதுவே.