மரியோவுக்குப் பேர் வந்த கதையும் நாலு ஆங்கிலச் சொல்லும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செல்போனில் கேம்தான். தினம் பத்து ஆங்கிலச் சொல் எழுதி மனப்பாடம் பண்ணச் சொன்னால் ராத்திரி ஒப்பிக்கிறான், காலையில் கேட்டால் முழிக்கிறான். அந்த விளையாட்டை வைத்தே ஏதாவது சொல்லிக்கொடுக்க வழி இருக்கிறதா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: இருக்குதுங்கம்மா. முதலில் அந்தப் பத்துச் சொல் நோட்டை எடுத்து வைத்துவிடுங்கள். யாரோ ஒருத்தர் ஒரு காரியம் செய்தார், அதனால் ஒன்று நடந்தது என்ற கதைக்குள் இருக்கிற சொல்தான் மறுநாள் காலையிலும் நினைவில் இருக்கும். கேம் விளையாடுகிற பையனுக்கு கேம் பிறந்த கதையைவிட நல்ல கதை எது?

மரியோ என்ற கேம் பாத்திரத்தை அவனுக்குத் தெரியாமல் இருக்காது. அதை உருவாக்கிய நின்டென்டோ கம்பெனி 1889ல் ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் விளையாட்டுச் சீட்டு தயாரிக்க ஆரம்பித்த கம்பெனி. 1981ல் ஷிகெரு மியாமோட்டோ என்பவர் 'டாங்கி காங்' என்ற ஆட்டத்தை வடிவமைத்தார். அதில் பீப்பாய்களைத் தாண்டித் தாண்டி ஓடுகிற ஆளுக்கு அப்போது 'ஜம்ப்மேன்' என்றுதான் பேர். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த குடோனின் உரிமையாளர் பேர் மரியோ செகாலி, அவர் பேரையே அங்கிருந்தவர்கள் அந்த ஆளுக்கு வைத்துவிட்டார்கள்.

இந்தச் சின்னக் கதையிலேயே நாலு சொல் இருக்கிறது. 'வேர்ஹவுஸ்' என்றால் குடோன், 'லேண்ட்லார்ட்' என்றால் இடத்துக்காரர், 'ரென்ட்' என்றால் வாடகை. நாலாவதுதான் முக்கியம், 'நேம்ட் ஆஃப்டர்'. 'ஆஃப்டர்' என்றால் 'பிறகு' என்று மட்டும் படித்த பையன் இங்கே திணறுவான். நம் பக்கம் பேரனுக்குத் தாத்தா பேரை வைப்போம் இல்லையா, அதைத்தான் ஆங்கிலத்தில் 'ஐ ஆம் நேம்ட் ஆஃப்டர் மை கிராண்ட்ஃபாதர்' என்பார்கள். அவனுக்கு யார் பேரை வைத்தீர்கள் என்று கேளுங்கள், பதிலை அவன் இந்த வாக்கியத்தில் சொல்லட்டும், அப்புறம் அந்த 'ஆஃப்டர்' அவனுக்கு மறக்காது.

செய்யும் முறை இதுதான். முதல் நாள் சாப்பிடும்போது கதையைத் தமிழில் நீங்கள் சொல்லுங்கள். மறுநாள் அதே கதையை அவன் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும், அந்த நாலு சொல் மட்டும் ஆங்கிலத்தில் வர வேண்டும். மூன்றாம் நாள் முழுக்க ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாக வந்தாலும் பரவாயில்லை, கதை முடிகிற வரைக்கும் குறுக்கே திருத்தாதீர்கள். வாரத்துக்கு இரண்டு கதை போதும். உங்களுக்கே ஆங்கிலம் அவ்வளவாக வராது என்றால் தயங்க வேண்டாம், கதையைச் சொல்லத் தமிழ் போதும்.

கேள்வி: பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்குகிற பையரிடமிருந்து வருகிற மெயில் புரிகிறது, பதில் எழுதும்போதுதான் சொல் வரமாட்டேன் என்கிறது. எனக்கும் இந்தக் கதை வழி உதவுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்கென்றே ஒரு கதை இருக்கிறது தம்பி. 1982ல் அட்டாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் கம்பெனி 'ஈ.டி.' என்ற படத்தை வைத்து கேம் போட உரிமை வாங்கியது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்கு கடைக்கு வந்தாக வேண்டும். வழக்கமாகப் பல மாதம் பிடிக்கிற வேலையை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒற்றை ஆள் சுமார் ஐந்தே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். கேட்ட தேதிக்குக் கொடுத்துவிட்டார், ஆனால் ஆட்டம் மக்களுக்குப் பிடிக்கவில்லை. விற்கிற அளவுக்கு மேல் கார்ட்ரிட்ஜ், அதாவது கேம் அடங்கிய பெட்டி, தயாரித்து வைத்திருந்ததால் லட்சக்கணக்கில் தேங்கிவிட்டது. 1983ல் வேறு சரக்கோடு சேர்த்து லாரி லாரியாகக் கொண்டுபோய் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். சும்மா கட்டிவிட்ட கதை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தால் கார்ட்ரிட்ஜுகள் அப்படியே வந்தன.

இதில் வருகிற சொல் எல்லாம் உங்கள் ஆபீஸ் சொல்தான். கொடுத்த தேதி 'டெட்லைன்'. அதற்குள் முடித்தால் 'மீட்', தவறினால் 'மிஸ்'. 'வீ வில் மீட் த டெட்லைன்' என்று எழுதுங்கள், 'ஃபினிஷ் த டெட்லைன்' என்று எழுதாதீர்கள். தேங்கிய சரக்கு 'சர்ப்ளஸ்', காதர்பேட்டைச் சந்தைக்குப் போகிற பனியன் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விற்காமல் நின்றது 'அன்சோல்ட்'. குப்பைக் கிடங்கு 'லேண்ட்ஃபில்'. புதைப்பது 'பெரி'. எழுத்தைப் பார்த்து 'புரி' என்று படித்துவிடாதீர்கள், பழத்தைச் சொல்கிற 'பெரி'யும் இதுவும் காதுக்கு ஒன்றுதான். இன்னொன்று, மெயிலில் 'குடோன்' என்று எழுதினால் அமெரிக்க பையருக்குப் புரியாமல் போகலாம். அந்தச் சொல் இந்தப் பக்கத்து ஆங்கிலம், அங்கே 'வேர்ஹவுஸ்'தான்.

ஒரு வேலை செய்யுங்கள். இந்தக் கதையை ஒரு பையருக்கு விளக்குவது மாதிரி ஆறு வரி மெயிலாக எழுதிப் பாருங்கள். அடுத்த ஷிப்மென்ட் தள்ளிப்போகும்போது அந்த வரிகள் தானாகக் கைக்கு வரும்.

கேள்வி: கல்லூரியில் ஆங்கிலத்தில் பேசினால் தப்பாகிவிடுமோ என்று வாயையே திறப்பதில்லை. என்ன செய்வது?
– ஒரு மாணவி, பொள்ளாச்சி

பதில்: அம்மணி, 'ஜீரோ விங்' என்று ஒரு ஜப்பானிய ஆட்டம். அதன் ஐரோப்பியப் பதிப்பு 1990களின் தொடக்கத்தில் வந்தபோது, எதிரி மிரட்டுகிற வசனத்தை 'ஆல் யுவர் பேஸ் ஆர் பிலாங் டு அஸ்' என்று மொழிபெயர்த்து அப்படியே திரையில் போட்டுவிட்டார்கள். உங்கள் தளம் எல்லாம் இனி எங்களுடையது என்று சொல்ல வந்தது. பத்து வருஷம் கழித்து அந்த வரி இன்டர்நெட்டில் உலகம் முழுக்கச் சுற்றியது. தப்பாக இருந்தும் ஒருத்தருக்கும் அர்த்தம் புரியாமல் போகவில்லை.

எங்கே தப்பு? 'பிலாங்' என்பதே வினைச்சொல், அதற்கு முன்னால் 'ஆர்' வரக்கூடாது. 'ஆல் யுவர் பேசஸ் பிலாங் டு அஸ்' என்றால் சரி. இதே தப்பை நாமும் தினமும் செய்கிறோம், 'ஐ ஆம் அக்ரீ' என்கிறோம், 'ஐ ஆம் பிலாங்ஸ் டு பொள்ளாச்சி' என்கிறோம். 'ஐ அக்ரீ' போதும். ஊருக்கு 'ஐ ஆம் ஃப்ரம் பொள்ளாச்சி'. நாளைக்கு வகுப்பில் இந்தக் கதையைத் தோழியிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். நடுவில் 'ஆர்' தப்பாக விழுந்தால் இரண்டு பேருக்கும் உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், வயது 52. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் கடைச் சொல்தான். இந்த வயதில் கேம் கதை எனக்கு எதற்குங்க?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அந்தக் கடைச் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாமுங்க. 'கிரெடிட்' என்றால் உங்களுக்குக் கடனுக்குச் சரக்கு. அட்டாரியில் வேலை பார்த்த வாரன் ராபினெட் என்பவருக்கு அது வேறு. அந்தக் காலத்தில் ஆட்டத்தை எழுதியவர் பேரைக் கம்பெனி எங்கேயும் போடாது. அவர் 'அட்வெஞ்சர்' என்ற ஆட்டத்துக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் 'கிரியேட்டட் பை வாரன் ராபினெட்' என்று எழுதி வைத்துவிட்டு, ஒருத்தரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். 1980ல் ஒரு பையன் அதைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் போட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. இங்கே 'கிரெடிட்' என்றால் செய்தவனுக்குச் சேர வேண்டிய பேர். 'கிவ் கிரெடிட்' என்றால் அந்தப் பேரைக் கொடுப்பது, 'டேக் த கிரெடிட்' என்றால் பேரைத் தனக்கு எடுத்துக்கொள்வது. இன்றைக்குக் கடை சாத்தும்போது, உங்கள் கடை வளர்ந்ததில் யாருக்கு 'கிரெடிட்' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அதை வைத்தே பேசுவோம்.