கிளாட்டில் 51தான் வந்தது: ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி எழுதலாமா?

+2 படித்துக்கொண்டே டிசம்பரில் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத்தேர்வான கிளாட் எழுதியிருக்கிறீர்கள். 60 சரி, 36 தப்பு, 24 விட்டது. சரிக்கு 1, தப்புக்கு 0.25 கழிவு என்பதால் மொத்தம் 51. ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி எழுதலாமா என்பது கேள்வி.

அந்த முடிவை ஏப்ரலுக்குத் தள்ளிவையுங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு இருக்கிறது. சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளியிலும் அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வே கிடையாது, +2 மதிப்பெண்தான் தரவரிசை. கிளாட் போய்விட்டதே என்ற வருத்தத்தில் ஜனவரி, பிப்ரவரியை வீணாக்கினால் கையில் இருக்கும் இந்த வழியும் அடைபடும். அதைப் பார்க்கத்தான் மனசு கேட்பதில்லை.

கிளாட் கவுன்சலிங்கையும் முழுசாகக் கைவிட வேண்டாம். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அகில இந்திய ரேங்கை மட்டும் பார்த்து ஒதுங்காமல், அந்தப் பிரிவில் முந்தைய ஆண்டு கடைசி ரேங்க் என்ன என்று பாருங்கள். இருப்பிடச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

இனி அந்த 51. நீங்கள் இழந்தது 69 மதிப்பெண். அதில் நெகட்டிவ் மார்க்கால் போனது 9 மட்டுமே (36 × 0.25). நெகட்டிவ் மார்க் பயத்தில் நிறைய கேள்விகளை விடுவது இங்கே தப்புக் கணக்கு. நான்கில் இரண்டு விடைகளைத் தப்பென்று உறுதியாக நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால், சராசரியாக ஒரு கேள்விக்கு 0.375 லாபம். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைப் போட்டால்கூட சராசரியாக 0.0625 லாபம், அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஆனால் நஷ்டமில்லை.

வினாத்தாள், விடைத்தாள் நகல், இறுதி விடைக்குறிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். விடையைப் பார்க்காமல், கடிகாரமும் இல்லாமல், தப்பான 36-ஐயும் விட்ட 24-ஐயும் மறுபடி போடுங்கள். இப்போது சரியாக வந்தால் சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இப்போதும் தப்பென்றால் புரிதலில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரிக்காமல் தினம் ஒரு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதினால் அதே மதிப்பெண்தான் திரும்பத் திரும்ப வரும்.

சட்டப் பகுதியில் அதிகம் நடக்கும் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். பத்தியில் விதி இப்படி இருக்கும்: ஆபத்தான விலங்கை வளர்ப்பவர், கவனக்குறைவு இல்லாவிட்டாலும், அது செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு, காயம்பட்டவரே அதைச் சீண்டியிருந்தால் மட்டும் விலக்கு. கேள்வியில், பூட்டிய கூண்டைப் புயல் உடைத்து, வெளியே வந்த கரடி பக்கத்து வீட்டுக்காரரைக் கடிக்கிறது. கோச்சிங்கில் ‘இயற்கைச் சீற்றம் ஒரு விலக்கு’ என்று படித்தவர் ‘பொறுப்பில்லை’ என்று போடுவார். பத்தியில் அந்த விலக்கே இல்லை. விடை, ‘பொறுப்பு’. 2020-இலிருந்து தேர்வு பத்தி சார்ந்தது. சட்டம் தெரிந்திருப்பதை அது சோதிக்கவில்லை, கொடுத்த விதியை அப்படியே பொருத்துகிறீர்களா என்றுதான் பார்க்கிறது.

நடப்பு நிகழ்வுகள் இதற்கு நேர்மாறு. அங்கே பத்தி தலைப்பை மட்டும்தான் காட்டும், விடை பெரும்பாலும் வெளியே இருக்கும். அதனால் பத்தியை முழுசாகப் படிக்காமல் நேரே கேள்விக்குப் போங்கள். 28 முதல் 32 கேள்விகளைப் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். மிச்சமாகும் நேரம் சட்டத்துக்கும் தர்க்கத்துக்கும் போகட்டும்.

நேரம் போதவில்லை என்றால் அடிப்படைக் காரணம் வாசிப்பு வேகம். 120 நிமிடம், 120 கேள்வி, ஒவ்வொரு பத்தியும் 450 சொல் வரை, எல்லாமே ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பாரம் இங்கேதான். தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கம் எடுத்து, கடிகாரம் வைத்து ஒரே தடவை படியுங்கள். பிறகு மூடிவைத்து, எழுதியவர் என்ன சொல்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார் என்று இரண்டு வரி எழுதுங்கள். இரண்டு வரி வராவிட்டால் அந்த வேகம் இன்னும் உங்கள் வேகம் ஆகவில்லை.

கணக்கு 10 முதல் 14 கேள்விதான், பத்தாம் வகுப்பு அளவு: சதவீதம், விகிதம், சராசரி. ‘கணக்கு வராது’ என்று மொத்தமாக விடுபவர்கள் நிறைய. ரேங்க் பட்டியலில் அந்த ஐந்தாறு மதிப்பெண் பெரிய இடைவெளி.

ஏப்ரலில் மறுபடி எழுதுவது என்று முடிவெடுத்தால், சட்டக் கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதுங்கள். வயது வரம்பு இல்லை. வீட்டில் சும்மா இருக்கும் ஒரு வருஷம் பலரைத் தளர வைக்கிறது. மாக் டெஸ்டைத் தேர்வு நேரமான மதியம் 2 முதல் 4 மணிக்குள், வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் அச்சிட்ட ஓஎம்ஆர் தாளில், பேனாவால் எழுதுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் வட்டங்களை நிரப்புங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்தால் ஐந்தாறு நிமிடம் போகும், ஒரு வரிசை தவறினால் பின்னால் வரும் விடைகள் எல்லாம் இடம் மாறிவிடும், பேனா என்பதால் அழிக்கவும் முடியாது.