வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற ஃபேர் ஹவுசிங் சட்டம் அமெரிக்காவில் இருந்தும் குடியிருப்புகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு ஏன்? அந்தச் சட்டத்தால் வாய்ப்பும் சமத்துவமும் எவ்வளவு மாறுகின்றன?

நிறையவே மாறுகின்றன. ஆனால் சட்டம் தானாக ஓடிவந்து யாரையும் காப்பாற்றாது. 'உங்கள் ஆட்களுக்கு வீடு கிடையாது' என்று முகத்துக்கு நேரே சொல்லும் வீட்டுக்காரர்கள் இன்று குறைவு. 'அடடா, நேற்றுதான் போய்விட்டதே' என்று சிரித்த முகத்தோடு அனுப்பி வைப்பார்கள். தனக்கு அநியாயம் நடந்தது என்பதே பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவதில்லை. இந்தச் சட்டத்தின் பெரிய சவால் அதுதான்.

விலாசத்துக்கு அங்கே ஏன் இவ்வளவு கனம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்க அரசுப் பள்ளிகளின் வருமானத்தில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு உயர்ந்த ஊரில் வரி விகிதம் குறைவாக இருந்தாலும் பள்ளிக்குப் போதிய பணம் சேரும். மதிப்பு குறைந்த ஊரில் விகிதத்தை ஏற்றினாலும் அந்தத் தொகை தேறாது. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதையும் பெரும்பாலும் விலாசமே முடிவு செய்கிறது. நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பு முக்கியமாக வீட்டு மதிப்பில்தான் இருக்கிறது என்பதால், வீடு வாங்கவிடாமல் தடுக்கப்பட்ட தலைமுறை பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் ஒன்றுமில்லாமல் போகிறது.

அந்தத் தடை தற்செயலாக வந்ததல்ல. 1930களில் கூட்டாட்சி அரசு அமைத்த வீட்டுக்கடன் நிறுவனம் நகரப் பகுதிகளை, கடன் கொடுக்க எவ்வளவு பாதுகாப்பானவை என்று ஏ முதல் டி வரை தரம் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் கடைசியான டி தரத்தில், சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டன. இப்படிப்பட்ட பகுதிகளுக்குக் கடன் மறுக்கும் வழக்கத்துக்கு 'ரெட்லைனிங்' என்ற பெயர் அந்தச் சிவப்பிலிருந்து வந்தது. 1934இல் தொடங்கிய அரசு அடமானக் காப்பீடும் வெள்ளையர் புறநகர்களுக்கே பெரும்பாலும் போனது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரம் கழித்து, 1968 ஏப்ரல் 11 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் ஃபேர் ஹவுசிங் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதை அது முதலில் தடுத்தது. அந்தப் பட்டியலில் 1974இல் பாலினமும், 1988இல் மாற்றுத்திறனும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பம் என்ற நிலையும் சேர்ந்தன.

இருப்பிடம் மாறினால் வாழ்க்கை மாறுமா என்ற கேள்விக்கு நல்ல ஆதாரம் உண்டு. 1994இல் தொடங்கிய 'மூவிங் டு ஆப்பர்ச்சூனிட்டி' என்ற சோதனையில் பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஆகிய நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்கள் சேர்ந்தன. யாருக்கு என்ன உதவி என்பது குலுக்கலில் முடிவானது. ஒரு பிரிவுக்கு, வறுமை 10 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில் மட்டுமே பயன்படுத்தக்கூடிய வாடகை வவுச்சர், அதாவது வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் சீட்டு, கிடைத்தது. தொடக்க ஆண்டுகளின் ஆய்வுகளில் பெரியவர்களின் வருமானம் உயரவில்லை என்றதும், திட்டம் தோல்வி என்றே பலர் எழுதினார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் முழுப் படம் தெரிந்தது. பொருளியலாளர்கள் ராஜ் செட்டி, நேத்தனியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் கட்ஸ் மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, 13 வயதுக்கு முன்பு அந்த வவுச்சரில் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஆக, நல்ல பகுதியில் கழியும் ஒவ்வொரு வருடமும் கணக்கில் ஏறுகிறது. ஐந்து வயதுப் பிள்ளையுள்ள குடும்பத்துக்கு ஒருவர் பொய் சொல்லி வீட்டை மறுத்தால், பறிபோவது அந்த மாதத்து வீடு மட்டுமல்ல, அந்தப் பிள்ளையின் வருடங்களும்தான்.

அப்படிப்பட்ட பொய்யைக் கண்டுபிடிக்க இருக்கும் வழி இரட்டையர் சோதனை. வருமானம், கிரெடிட் ஸ்கோர், குடும்ப அளவு எல்லாம் ஒன்றுபோல அமைத்து, இனத்தில் மட்டும் வேறுபட்ட இருவரை ஒரே வாடகை அலுவலகத்துக்குச் சிறிது நேர இடைவெளியில் அனுப்புவார்கள். எத்தனை வீடு காலி என்றார்கள், எத்தனையைத் திறந்து காட்டினார்கள், முன்பணம் எவ்வளவு, பிறகு யாரைத் திரும்ப அழைத்தார்கள் என்று இருவரும் தனித்தனியே, உடனுக்குடன் எழுதுவார்கள். ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் சாட்சியம் நீர்த்துவிடும். இரண்டு குறிப்புகளையும் மூன்றாமவர் ஒப்பிடுவார். வீட்டுவசதித் துறையான ஹட் 28 பெருநகரங்களில் இப்படி 8,000க்கும் மேற்பட்ட சோதனைகள் நடத்தி 2013இல் அறிக்கை வெளியிட்டது. ஒரே தகுதியுள்ள வெள்ளையரோடு ஒப்பிட்டால், வாடகைக்குத் தேடிய கறுப்பினத்தவருக்குச் சுமார் 11 சதவீதமும் ஆசியருக்குச் சுமார் 10 சதவீதமும் குறைவான வீடுகளே சொல்லப்பட்டன. விலைக்கு வாங்கத் தேடிய ஆசியரிடம் சொன்னது சுமார் 15 சதவீதம் குறைவு. இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்கும் இந்தியக் குடும்பங்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது இதுதான். விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பேசியவர் பெயர், நேரம், சொன்ன வாசகம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதுங்கள். முடிந்தவரை மின்னஞ்சலில் கேளுங்கள். 'வீடு இல்லை' என்ற பிறகும் விளம்பரம் அப்படியே ஓடினால் அதையும் சேமியுங்கள். உள்ளூர் ஃபேர் ஹவுசிங் அமைப்பைச் சீக்கிரம் அழைப்பது மிக முக்கியம், ஏனென்றால் வீடு காலியாக இருக்கும்போதுதான் சோதனையாளரை அனுப்ப முடியும். பலர் ஆதங்கத்தைச் சொல்லித் தீர்த்துவிட்டு இரண்டு மாதம் கழித்து அழைப்பார்கள். அதற்குள் வேறொருவர் குடியேறியிருப்பார், சோதிக்க எதுவும் மிஞ்சாது. ஹட்டிடம் புகார் கொடுக்கச் சம்பவம் நடந்ததிலிருந்து ஒரு வருடமும், நீதிமன்றம் போக இரண்டு வருடமும் அவகாசம். புகாருக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. புகார் கொடுத்ததற்காக வாடகையை ஏற்றுவதும் காலி செய்யச் சொல்வதும் தனிச் சட்டமீறலாகவே கருதப்படும்.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு வார்த்தை. சொந்த வீட்டின் பகுதியை வாடகைக்கு விடும் நம்மவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் 'இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்' என்று போடுவதுண்டு. உரிமையாளரும் குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மேற்படாத கட்டிடத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த விலக்கு விளம்பரத்துக்குப் பொருந்தாது. இன அடிப்படையில் மறுப்பதை 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் எந்த விலக்கும் இல்லாமல் தடுக்கிறது. நமக்கு மறுக்கப்படும்போது வலிக்கிற அதே காரியத்தை நாம் செய்யலாகாது.

சட்டத்தின் கை எட்டாத இடங்களும் இருக்கின்றன. வீட்டைக் குறைத்து மதிப்பிடுவதையோ கடன் வட்டியைக் கூட்டுவதையோ கண்டுபிடிப்பது வாடகை மறுப்பைவிடக் கடினம். எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று ஊர் நிர்வாகம் வகுக்கும் மண்டல விதிகள் இன்னொரு தடை. மனையில் ஒரே ஒரு தனி வீடு, குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி என்று விதி போட்டால், இனத்தின் பெயரைச் சொல்லாமலே ஏழைகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடலாம். நோக்கம் எதுவானாலும் விளைவு பாகுபாடாக இருந்தால் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் டெக்சாஸ் வழக்கில் சொன்னது. அதை நிரூபிப்பது சுலபமில்லை என்பதால், நகர மன்றத்தில் விதியையே மாற்றுவது உறுதியான வழி. தனி வீடு மட்டும் என்ற விதியை நீக்கும் திட்டத்துக்கு மினியாபொலிஸ் நகரம் 2018இல் ஒப்புதல் கொடுத்தது.

அரசு வாடகை வவுச்சர் வைத்திருப்பவரை அந்தக் காரணத்துக்காக மறுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. பல மாநிலங்களும் நகரங்களும் தனியாகத் தடை செய்துள்ளன, எனவே உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சியாட்டிலும் அதைச் சூழ்ந்த கிங் மாவட்டமும் இன்னொரு படி போயின. வவுச்சர் பெற்ற குடும்பங்களுக்கு வீடு தேட ஓர் ஆலோசகர், முன்பணத்துக்கும் விண்ணப்பக் கட்டணத்துக்கும் பணம், வீட்டுக்காரரிடம் நேரில் பேச ஆள் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்த உதவி இல்லாத குடும்பங்களில் 15 சதவீதம் பேர்தான் பிள்ளைகள் முன்னேற வாய்ப்புள்ள பகுதிகளுக்குப் போனார்கள். உதவி கிடைத்தவர்களில் 53 சதவீதம் பேர் போனார்கள். அந்தக் குடும்பங்கள் பழைய பேட்டையில் தங்கியது விருப்பத்தால் அல்ல என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.