மீன் செலவு: கிலோ விலையா, தட்டு விலையா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீடு திரும்பவே இரவு ஏழரை ஆகிவிடுகிறது. 7 வயதில் ஒரு மகன். வாரநாட்களில் மூன்று, நான்கு இரவுகள் வெளியில் ஆர்டர் செய்துவிடுகிறோம். மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வாடகைக்கு அடுத்தபடியாக நிற்பது இந்த ஆர்டர் செலவுதான். கொழுப்பு குறைவு, சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் வெள்ளை மீன் வாங்க ஆரம்பித்தோம். விலை அதிகம். வாங்கியதில் ஒரு பகுதி சமைக்க நேரமில்லாமல் குப்பைக்குப் போகிறது. சமைத்த நாளிலும் தண்ணீர் விட்டு உதிர்ந்துபோகிறது. மகன் தொடுவதில்லை, மறுபடியும் ஆர்டர். மீனை நிறுத்திவிடலாமா? ஏர் ஃபிரையர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: மீனை நிறுத்த வேண்டாம். வாங்கும் முறையை மாற்றுங்கள். உங்கள் பணம் விலைப்பட்டியலில் போவதைவிட மூன்று ஓட்டைகள் வழியாகத்தான் அதிகம் போகிறது: சாப்பிட முடியாத எடை, தூக்கிப்போடும் மீன், சமையல் சொதப்பியதும் வரும் இரண்டாவது பில். மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. அந்த ஒரு இரவுக்கு மீனுக்கும் கொடுத்து, ஆர்டருக்கும் கொடுக்கிறீர்கள்.

முதலில் எடைக் கணக்கு. கடையில் போட்டிருப்பது கிலோ விலை; உங்களுக்குத் தேவை தட்டுக்கு வரும் சதையின் விலை. முழு மீனில் தலை, முள், குடல், செதில் எல்லாம் போனால் சதைத் துண்டாகக் கிடைப்பது பெரும்பாலும் 35 முதல் 45 சதவீதம். திலாப்பியாவில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஆகவே முழு மீன் கிலோ 100 என்றால் (எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்), 40 சதவீதம் தேறும் மீனில் சதையின் விலை கிலோ 250. பக்கத்திலேயே முள் நீக்கிய உறைமீன் பாக்கெட் 200 என்று இருந்தால் அது கண்ணுக்கு இரட்டிப்பு விலையாகத் தெரியும். அந்தத் துண்டுகளின் மேல் மெல்லிய பனிப்பூச்சு இருக்கும். அது எடையில் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் உண்மை விலை 200 வகுத்தல் 0.85, அதாவது சுமார் 235. முழு மீனைவிடக் குறைவு, வெட்டிச் சுத்தம் செய்யும் நேரமும் மிச்சம்.

இப்போது உங்கள் வழக்கத்துக்கு வருவோம். ஃபிரிட்ஜில் வைக்கும் பச்சைத் துண்டு கிலோ 230 என்று வாங்கி, நான்கில் ஒரு பங்கைத் தூக்கிப்போட்டால் உண்மை விலை 307. விலைச்சீட்டில் 230ஆக இருந்த மீன்தான் மூன்றிலும் விலை கூடியதாக முடிகிறது. பச்சை மீன் ஃபிரிட்ஜில் 1 அல்லது 2 நாள்தான் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மீனை வியாழக்கிழமை சமைக்கலாம் என்று நினைப்பதே நஷ்டக் கணக்கு.

அதனால் வாரநாட்களுக்கு உறைமீன் மட்டும் வாங்குங்கள். “பச்சை மீனை வாங்கி நானே ஃபிரீசரில் போட்டால் ஆகாதா?” என்று கேட்கலாம். ஆகும், ஆனால் தரம் குறையும். ஆலையில் மீனை மிக வேகமாக உறைய வைக்கிறார்கள். பனிப்படிகங்கள் சிறிதாக அமையும். வீட்டு ஃபிரீசரில் மெதுவாக உறையும்போது பெரிய படிகங்கள் உருவாகி சதையின் நார்களைக் கிழித்துவிடும். உருகும்போது வழியும் நீர் அதனால்தான் அதிகம். இன்னொன்று: கவுண்டரில் பனிக்கட்டி மேல் அடுக்கியிருக்கும் மீன் பல நேரம் ஏற்கெனவே உறையவைத்து உருக்கியது. கேட்டால் சொல்வார்கள். அதற்குப் பச்சை மீன் விலை கொடுத்து, வீட்டில் மறுபடி ஃபிரீசரில் போட்டால் விலையும் போச்சு, பதமும் போச்சு.

பாக்கெட்டை எடுக்கும்போது இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, பனி நீங்கிய நிகர எடை. மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியாக இருந்தால் விலையை நிகர எடையால் வகுங்கள். இரண்டு, உட்பொருள் பட்டியல். “மீன்” என்று மட்டும் இருந்தால் நல்லது. பாலிபாஸ்பேட், டிரைபாஸ்பேட், அல்லது இ 450, இ 451, இ 452 என்று இருந்தால் சதை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்த உப்புகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அளவோடு சேர்ப்பது அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் நீங்கள் மீன் விலையில் தண்ணீர் வாங்குகிறீர்கள். அந்தத் தண்ணீர் வாணலியில் வெளியே வந்து மீனை வறுக்க விடாமல் வேகவைத்துவிடும். உங்கள் மீன் தண்ணீர் விட்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்த மீன்? காட், ஹேடாக் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. பொல்லாக், ஹேக், பாசா, திலாப்பியா ஆகியவையும் கொழுப்பு குறைந்த வெள்ளைச் சதை மீன்கள்தான். சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது: காட் மீனில் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் புரதம், 1 கிராமுக்கும் குறைவான கொழுப்பு, 80 கலோரி, மற்றவையும் இதை ஒட்டியே வரும். வித்தியாசம் பதத்தில்தான். காட் பெரிய இதழ்களாகப் பிரியும், பொல்லாக் சீக்கிரம் உதிரும். ஒமேகா 3 கொழுப்பு வேண்டுமென்றால் வெள்ளை மீனை நம்பாதீர்கள், அதில் குறைவு. வாரத்தில் ஒரு நாள் டின்னில் வரும் மத்தி போதும். அது பொதுவாக இவை எல்லாவற்றையும்விட மலிவு.

அளவு: பெரியவருக்குச் சமைக்காத எடையில் 150 கிராம், மகனுக்கு 100 கிராம். ஒரு இரவுக்கு 400 கிராம். வாரத்தில் இரண்டு இரவு என்றால் 800 கிராம். பனிப்பூச்சு 15 சதவீதம் உள்ள ஒரு கிலோ பாக்கெட்டில் நிகரமாக 850 கிராம் கிடைக்கும். ஆக வாரத்துக்கு ஒரு பாக்கெட், அதற்கு மேல் வாங்க வேண்டாம். நான்கு இரவையும் ஒரேயடியாக மாற்ற நினைத்தால் மூன்றாவது வாரமே சலித்துவிடும். மாதத்தில் எட்டு இரவு மாறினால் போதும். ஆர்டர் செலவில் ஏறக்குறைய பாதி அங்கேயே நின்றுவிடும். கூடவே ஃபிரீசரில் இன்னொரு பாக்கெட் எப்போதும் தொடாமல் கிடக்கட்டும். அது உங்கள் இரவுச் சாப்பாட்டுக்கான அவசரகால நிதி: எடுத்தால் அந்த வார இறுதியிலேயே திரும்ப நிரப்ப வேண்டும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் கொழுப்பு குறைந்த மீன் 6 முதல் 8 மாதம் தரம் குறையாமல் இருக்கும். பிரித்த பாக்கெட்டிலிருந்து காற்றை வெளியேற்றிக் கட்டி வையுங்கள். காற்றுப் பட்ட இடம் காய்ந்து வெளுத்துவிடும்.

இனி மூன்றாவது ஓட்டை, சமையல். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மகன் தட்டைத் தள்ளாமல் இருந்தால்தான் மேலே போட்ட கணக்கெல்லாம் நிற்கும்.

காலையில் கிளம்பும் முன் 400 கிராமை ஒரு குழிவான தட்டில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். காற்று நீக்கி அடைத்த பாக்கெட்டாக இருந்தால் முதலில் ஒரு ஓரத்தை வெட்டிவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் போட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். திறந்துவிட்டால் அந்த அபாயம் நீங்கும். வெளியே சமையல் மேடையில் வைத்தோ வெந்நீரில் போட்டோ உருக்காதீர்கள்.

இரவு வந்ததும் முதல் வேலை உப்பு. 400 கிராமுக்கு 4 கிராம், அதாவது முக்கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவான தூள் உப்பு. இரண்டு பக்கமும் தூவி 15 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் 300 கிராம் பீன்ஸ் அல்லது குடைமிளகாய் நறுக்கி வேகவைத்துவிடலாம். உப்பு மேற்பரப்பில் இருக்கும் நீரை வெளியே இழுக்கும், சதையும் சற்று இறுகும், புரட்டும்போது உடையாது. 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் தட்டில் நீர் கோத்திருக்கும். அதைக் கொட்டிவிட்டு, சமையலறைக் காகிதத்தால் ஒவ்வொரு துண்டையும் அழுத்தி ஒற்றி எடுங்கள். காகிதம் ஈரமாகாமல் திரும்பும் வரை ஒற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் அவசரத்தில் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். ஈரம் இருந்தால் வாணலியின் சூடு முழுக்க அதை ஆவியாக்கவே செலவாகும். மீன் சிவக்காது, ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது பிய்ந்துவிடும்.

அகலமான வாணலியை நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் 2 நிமிடம் காயவிட்டு, 1 மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் அலையடிக்கும்போது துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கி அடுக்கினால் சூடு இறங்கிப் பழைய கதைதான். 2.5 சென்டிமீட்டர் தடிமன் உள்ள துண்டை 4 நிமிடம் தொடவே கூடாது. அடிப்பக்கம் சிவந்ததும் தானாக விட்டுக்கொடுக்கும். தோசைத்திருப்பியை நுழைத்தால் நகரவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். திருப்பிப் போட்டு, தீயைக் குறைத்து, 2 முதல் 3 நிமிடம். மெல்லிய வால்பகுதியைத் தனியாக வெட்டி 2 நிமிடம் தாமதமாகச் சேருங்கள். இல்லையென்றால் நடுப்பகுதி வேகும்போது வால் சக்கையாகிவிடும்.

வெந்ததா என்பதற்கு அடையாளம்: தடிமனான இடத்தில் முள்கரண்டியைச் செருகி லேசாகத் திருகினால் சதை இதழாகப் பிரிய வேண்டும், உள்ளே கண்ணாடி போன்ற பளபளப்பு இருக்கக் கூடாது. வெப்பமானி இருந்தால் நடுவில் 63 டிகிரி செல்சியஸ். மீனின் இணைப்புத்திசு இறைச்சியில் இருப்பதைவிடக் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால்தான் பத்தே நிமிடத்தில் வேகிறது, அதனால்தான் இரண்டு நிமிடம் கூடினாலும் உதிர்ந்துவிடுகிறது. 70 டிகிரியைத் தாண்டினால் புரதம் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். மேலே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் தீ அதிகம், அல்லது நேரம் அதிகம்.

மீனை எடுத்துவிட்டு அதே வாணலியில் தட்டிய பூண்டு 2 பல் போட்டு வாசம் வந்ததும் 4 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு அடியில் பிடித்ததைச் சுரண்டுங்கள். பாதி வற்றியதும் அடுப்பை அணைத்து, 1 டீஸ்பூன் வெண்ணெய், மிளகுத்தூள், அரை எலுமிச்சையின் சாறு. இதை மீன் மேல் ஊற்றிக் காய்களோடு பரிமாறலாம். எலுமிச்சையை முன்கூட்டியே ஊறவைப்பது வேண்டாம். புளிப்பு பட்ட சதை அடுப்பில் வைக்கும் முன்பே வெளுத்து இறுகி, வெந்ததும் மாவு மாதிரி ஆகிவிடும். மகனுக்குப் பூண்டு பிடிக்காவிட்டால் அவன் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். முள் நீக்கியது என்று எழுதியிருந்தாலும் விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.

காலையில் எடுத்து வைக்க மறந்த நாள் வரும். அன்றைக்கும் ஆர்டர் தேவையில்லை. உறைந்த துண்டைக் குளிர்ந்த நீரில் காட்டிப் பனிப்பூச்சைக் கழுவி, துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகு தடவி, 220 டிகிரிக்குச் சூடான ஓவனில் வையுங்கள், 2.5 சென்டிமீட்டர் துண்டுக்கு 18 முதல் 20 நிமிடம். மேல்புறம் வாணலி அளவுக்குச் சிவக்காது, அவ்வளவுதான். ஓவன் இல்லையென்றால் கசியாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்தால் மெல்லிய துண்டுகள் 30, 40 நிமிடத்தில் உருகிவிடும். உருகியதும் உடனே சமைக்க வேண்டும். மிஞ்சிய சமைத்த மீனை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் வரை பயன்படுத்தலாம். மறுபடி சூடாக்கினால் காய்ந்துவிடும் என்பதால் வேகவைத்த உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லெட்டாகப் போடுவது மேல்.

இனி உங்கள் வீட்டு எண்களைப் போடுங்கள். ஒரு ஆர்டர் பில்லில் பேக்கிங், டெலிவரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்த தொகை. அதிலிருந்து 400 கிராம் மீனின் உண்மை விலை, காய், எண்ணெய், எரிபொருள் செலவைக் கழியுங்கள். மீதியை எட்டால் பெருக்கினால் மாத மிச்சம். வீட்டுச் செலவு ஆர்டர் பில்லில் பாதியைத் தாண்டினால் மலிவான மீன் வகைக்கு மாறுங்கள். மிச்சத்தைச் செலவுக் கணக்கிலேயே விட்டுவைத்தால் வேறு எதிலாவது கரைந்துவிடும். மீன் சமைத்த அன்று இரவே அந்தத் தொகையைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

ஏர் ஃபிரையர் இப்போது வேண்டாம். அதில் மீன் நன்றாகவே வரும், 200 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். இரண்டு மூன்று துண்டுக்காகப் பெரிய ஓவனைச் சூடாக்குவதைவிட மின்சாரமும் குறைவு. ஆனால் ஈரம் துடைக்காத மீன் அதிலும் ஒட்டும், நேரம் கூடினால் அதிலும் காயும். அதன் விலையை ஒரு இரவில் கிடைக்கும் மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். 40 வந்தால், வாரம் இரண்டு இரவு கணக்கில் போட்ட பணம் திரும்பவே ஐந்து மாதம் ஆகும். முதலில் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கி, இருக்கும் வாணலியிலேயே இரண்டு மாதம் ஓட்டுங்கள். பதினாறு இரவில் பன்னிரண்டையாவது சமைத்து முடித்திருந்தால், சேர்ந்த மிச்சத்திலிருந்து ஏர் ஃபிரையர் வாங்கலாம். கிரெடிட் கார்டு தவணையில் வேண்டாம்.