லீவு முடிந்தும் இரவு 11 மணி வரை விழித்திருக்கும் மகன்

சகோதரி, பாட்டி வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்த உங்கள் 4 வயது மகன் 11 மணிக்குத்தான் தூங்குகிறான், பள்ளி திறக்க 10 நாள்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரவில் போராடாதீர்கள், காலையிலிருந்து தொடங்குங்கள். இப்போது 9 மணிக்கு எழுகிறான் என்றால் நாளை 8.45, மறுநாள் 8.30 என்று கால் மணி நேரம் முன்னால் எழுப்புங்கள். படுக்கும் நேரமும் அப்படியே முன்னால் வரும். எழுந்ததும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். காலை வெளிச்சம் பட்டால்தான் உடம்புக்குப் பொழுது தெரியும். என் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே குட்டிச் சொம்போடு துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வருவாள். பகல் தூக்கம் 3 மணிக்கு மேல் வேண்டாம். அப்புறம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போன், டிவி இரண்டும் கூடாது. முதல் சில நாள் சிணுங்குவான், பாவம். பக்கத்தில் படுத்து முதுகைத் தடவிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழுப்புங்கள்.