சூசையும் ஜோசப்பும் ஒரே பெயர்தான்

கேள்வி: ஐயா, என் மாமனார் பெயர் சூசை. என் மகனுக்கு அந்த நினைவாக ஜோசப் என்று வைக்க ஆசை. பெயர் எண் பார்ப்பவர், "அது வேறு பெயர். வைத்தாலும் ஆங்கிலத்தில் பி, எச்சை எடுத்துவிட்டு இரண்டு எஃப் போட வேண்டும்" என்கிறார். பெயருக்குப் பொருளும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, பெரம்பூர்

பதில்: தாராளமாக வையுங்கள், அம்மா. இரண்டும் ஒரே பெயர். எபிரேயத்தில் யோசேஃப். போர்ச்சுக்கீசியரின் ஜோசே நம் ஊரில் சூசை ஆனது; ஜோசப் ஆங்கிலம் வழியாக வந்தது. யூசுப்பும் இதே பெயர்தான்.

பொருள், "இன்னும் கூட்டித் தருவார்". பைபிளில், நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த ராகேல், மகன் பிறந்ததும் இன்னொரு மகனையும் வேண்டி வைத்த பெயர். ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில் பாருங்கள். அங்கேதான் ஒரு குழப்பமும் இருக்கிறது. முந்தைய வசனத்தில், கடவுள் தன் நிந்தையை நீக்கினார் என்று ராகேல் சொல்கிறாள். நீக்குவதற்கான எபிரேயச் சொல் ஆசஃப். காதுக்கு யோசேஃப் போலவே கேட்கும். அதை வைத்துச் சிலர் "நீக்குபவர்" என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒலி ஒற்றுமை மட்டுமே. பெயரின் வேர் யாசஃப், அதாவது கூட்டுதல். வீரமாமுனிவர் தேம்பாவணியில், இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பருக்கு வளன் என்று பெயரிட்டதும் இந்தப் பொருளில்தான். வளனரசு என்று வைத்தாலும் தாத்தா பெயர்தான்.

எண் பார்ப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். எபிரேயத்தில் இந்தப் பெயருக்கு யோத், வாவ், சாமெக், பே என்று நான்கே எழுத்து. அவர் கூட்டிக் கழிப்பது ஆங்கில எழுத்துகளை; பெயரின் பொருளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அவர் சொன்னபடி எழுத்தை மாற்றிவிட்டு, பிறகு ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆனால் அலையப்போவது உங்கள் பிள்ளை. மாமனாரின் பழைய சான்றுகளில் சூசை என்றிருப்பதையும் தொடவேண்டாம்.

அப்புறம், பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க, மாநகராட்சி அலுவலக வாசலில் நிற்கும் தரகர்களுக்கும் பணம் கொடுக்காதீர்கள். பிறப்பைப் பதிந்த ஓராண்டுக்குள் பெயர் சேர்க்கக் கட்டணமே கிடையாது. அதன்பின் 15 ஆண்டுவரை 200 ரூபாய் தாமதக் கட்டணம், அவ்வளவுதான். ஆனால் ஒருமுறை ஏற்றிய பெயரை அங்கே மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துப்பிழையை மட்டுமே திருத்துவார்கள். அந்த ஓர் எழுத்துக்கும் மேசை மேசையாக அலையவிடுகிறார்கள். தரகர்கள் பிழைப்பதே இதனால்தான். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. ஆகவே விண்ணப்பத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.