ஹேட்சரி ஸ்டீல்ஹெட், வைல்டு ஸ்டீல்ஹெட்: தூண்டில்காரருக்கு எது பெரிது?

கேள்வி: "அமெரிக்காவில் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்கள் பக்கம் சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் பிடிக்கிறவர்கள் ஹேட்சரி மீன் (பொரிப்பகத்தில் பொரித்து, வளர்த்து விட்டது), வைல்டு மீன் (ஆற்றிலேயே பிறந்தது) என்று பிரித்துப் பேசுகிறார்கள். தூண்டிலில் மாட்டிய பிறகு வித்தியாசம் தெரியுமா? விளையாட்டு என்று பார்த்தால் எது உயர்ந்தது?"

இழுவையை மட்டும் வைத்துக் கேட்டால், நீங்கள் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் கிடையாது. ஆனாலும் எனக்கு வைல்டு ஸ்டீல்ஹெட்தான் ஒரு படி மேல். அதைப் பிடிக்கப் போனால் ஆறு முழுவதையும் படித்தாக வேண்டும், அதுதான் காரணம். சியாட்டிலுக்கு வடகிழக்கே, ஸ்கைகோமிஷ் ஆற்றுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். இரண்டு வகையையும் பல வருடமாகப் பிடித்துவருகிறேன்.

முதலில் ஸ்டீல்ஹெட் பற்றிக் கொஞ்சம். ரெயின்போ ட்ரவுட் என்கிற ஆற்று மீனில் ஒரு பகுதி கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். அதுதான் ஸ்டீல்ஹெட். இந்தக் கடற்கரையின் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் சில மட்டும் பிழைத்து, மறுபடி கடலுக்கு இறங்கி, இன்னொரு முறையும் ஏறி வரும். ஹேட்சரியில் பிறந்த குஞ்சு சிமெண்டுத் தொட்டியில் தீவனம் தின்று சுமார் ஒரு வருடத்தில் கடலுக்குப் போகத் தயாராகிவிடும். ஆற்றில் பிறந்த குஞ்சுக்கு அதே வளர்ச்சிக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் ஆகும். அதற்குள் வெள்ளம், கொக்கு, பெரிய மீன் எல்லாவற்றிடமும் தப்பித்தாக வேண்டும். ஹேட்சரிக் குஞ்சுகளை விடுவதற்கு முன் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே இருக்கிற சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். கரையில் நிற்கிற நாம் அதைப் பார்த்துத்தான் எது எடுத்துக்கொள்ளலாம், எது திருப்பி விட வேண்டும் என்று முடிவு செய்கிறோம்.

இனி இழுவைக்கு வருவோம். தொட்டியிலோ ஆற்றிலோ வளர்ந்தது 15 சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டர் வரைக்கும்தான். மீதி உடம்பு முழுவதும் பசிபிக் கடலில் இரண்டு மூன்று வருடம் தின்று வளர்ந்தது. கடல் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் தூண்டில் நரம்பு சுற்றிய ரீல் கதறுவதும் கதறாமல் போவதும் மீன் எங்கே பிறந்தது என்பதைவிட, அது கடலை விட்டு எத்தனை நாள் ஆயிற்று, தண்ணீர் எவ்வளவு குளிர் என்பதைத்தான் அதிகம் பொறுத்தது. வால் பக்கத்தில் கடல் பேன் ஒட்டியிருக்கிற, வெள்ளிக் காசு நிறத்தில் பளபளக்கிற ஹேட்சரி மீன், முட்டையிடும் காலம் நெருங்கிச் சிவந்துபோன வைல்டு மீனைவிடப் பல மடங்கு துள்ளும். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் எது எது என்று என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்பவர்களை நான் நம்புவதும் இல்லை.

ஐடஹோவின் கிளியர்வாட்டர் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வடக்குக் கிளையில் பெரிய உடம்புள்ள ஸ்டீல்ஹெட் கூட்டம் ஒன்று இருந்தது. 1973-இல் ட்வோர்ஷாக் அணை வந்து வழியை முழுதாக அடைத்துவிட்டது. அந்தக் கூட்டத்தின் வம்சத்தை இன்று அணைக்குக் கீழே இருக்கிற ஹேட்சரிதான் வளர்க்கிறது. அந்த மீன்கள் எட்டு அணைகளைத் தாண்டி, கடலிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் ஏறி வருகின்றன. கொழுப்புத் துடுப்பு வெட்டிய மீன் என்பதற்காக அதை இளப்பமாகப் பேசுகிறவர் ஒருமுறை அதைத் தூண்டிலில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எதில்தான் வித்தியாசம்? மீன் நிற்கிற இடத்திலும், வருகிற காலத்திலும்.

ஹேட்சரி மீன் தான் வளர்ந்த தண்ணீரின் வாசனையைத் தேடி நேராக ஹேட்சரித் தண்ணீர் ஆற்றில் சேர்கிற வாய்க்கால் வாசலுக்கே வந்து நிற்கும். ஸ்கைகோமிஷில் கோல்டு பார் ஊருக்குப் பக்கத்தில் ரைட்டர் பாண்ட்ஸ் அப்படியொரு இடம். சீசனில் விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கோடு ஆட்கள் பாறைகளில் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். மேலே நிற்பவர் போட்ட தக்கை கீழே நிற்பவரைத் தாண்டும் வரைக்கும் அடுத்தவர் காத்திருந்து வீச வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் நான்கு பேருடைய நரம்பும் சிக்கிக்கொள்ளும். யாருக்காவது மாட்டினால் "ஃபிஷ் ஆன்" என்று ஒரு குரல் எழும். உடனே அக்கம்பக்கத்தார் எல்லோரும் ரீலைச் சுற்றி வழிவிடுவார்கள். தக்கைக்குக் கீழே எத்தனை அடி நரம்பு விட வேண்டும், இரை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓடுகிறதா, தக்கை ஓட்டத்தைவிட வேகமாகப் போகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்வதுதான் இங்கே திறமை. அது சின்னத் திறமை அல்ல. பக்கத்துப் பாறையில் நிற்கிற கிழவர் மூன்று மீனை ஏற்றிவிட்டிருப்பார், அதே தக்கை, அதே மீன்சினை இரை வைத்து நாம் சும்மா நிற்போம். அரை அடி ஆழ வித்தியாசம்தான்.

எடுத்துக்கொண்டு போகலாம் என்பதும் விளையாட்டின் ஒரு பகுதிதான். செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, ஐஸில் போட்டு, வீட்டுக்கு வந்து புளிக்குழம்பு வைப்பதில் எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. அந்த மீனை மாநிலம் வளர்த்ததே அதற்காகத்தான். படகு வாங்க வசதியில்லாதவர், பள்ளி விடுமுறையில் பிள்ளையைக் கூட்டிவருகிறவர், இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர் எல்லோருக்கும் ஸ்டீல்ஹெட் எட்டுகிற இடம் அதுதான்.

வைல்டு மீன் ஓரிடத்தில் குவியாது. ஆற்றின் மேல்கோடி வரைக்கும், ஒவ்வொரு கிளையிலும் பிரிந்துபோகும். குளிர்கால மீன் டிசம்பரில் தொடங்கி மே வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பழைய சேம்பர்ஸ் கிரீக் ஹேட்சரி வகையோ சீக்கிரம் முட்டையிடும்படி பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. கிறிஸ்துமஸை ஒட்டிய சில வாரங்களில் கூட்டமாக வந்து முடிந்துவிடும். வைல்டு மீனுக்கு மார்ச் மாதம் மாநிலத்தின் மேற்கே ஒலிம்பிக் தீபகற்பத்தில் ஹோ ஆற்றுக்கோ சோல் டக் ஆற்றுக்கோ போனால், மீன் எங்கே என்று சொல்லக் கூட்டமோ வாய்க்கால் வாசலோ இல்லை. மழை பெய்து ஏறிய தண்ணீர் எப்போது இறங்கும், கலங்கல் தெளிந்து பச்சை நிறம் எப்போது வரும் என்று பார்க்க வேண்டும். ஹோ பனியாற்றிலிருந்து வருவதால் சாம்பல் நிறமாகக் கலங்கினால் லேசில் தெளியாது. ஆள் நடக்கிற வேகத்தில் ஓடுகிற, இடுப்பளவு ஆழமுள்ள, கீழே பானை அளவு கற்கள் கிடக்கிற ஓட்டம் வேண்டும். மடுவின் வால்பகுதியில் தண்ணீர் மேடேறி வழிகிற இடத்துக்குச் சற்று மேலே, வேக ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசுகிற கோட்டில் மீன் களைப்பாறும்.

நான் இரண்டு கையால் வீசுகிற நீண்ட ஸ்பே தடியில் செயற்கை ஈ கட்டிக் குறுக்காக வீசி, ஓட்டமே அதை வளைத்து இந்தக் கரைக்குக் கொண்டுவரும்படி விடுவேன். ஓர் அடி கீழே இறங்கி நின்று மறுபடி வீச வேண்டும். இப்படியே மதியம் வரைக்கும். நாள் முழுக்க ஒன்றுமே தொடாமல் திரும்புவது சாதாரணம். தொடும்போது சில நேரம் மெதுவாக நரம்பு கனக்கும், சில நேரம் தடி கையைவிட்டுப் போய்விடும் போல இருக்கும். பக்கத்தில் இழுத்து வந்து பார்த்தால் முதுகுத் துடுப்பு கண்ணாடித் தாள் போல நிமிர்ந்து முழுசாக நிற்கும். தொட்டியில் வளர்ந்த மீனுக்கு அந்தத் துடுப்பு பெரும்பாலும் தேய்ந்து, முள்கள் கோணிப்போயிருக்கும். அந்த ஆற்றின் எந்த மூலையில், எந்தக் கல்லுக்கு அடியில் அது பொரிந்ததோ, அந்த இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்று அப்போது தோன்றும். எனக்கு அந்த நிமிடம் போதும். எதிர்முள் இல்லாத தூண்டில் என்பதால் லேசாகத் திருப்பினாலே கழன்றுவிடும். வாஷிங்டன் ஆறுகளில் திருப்பி விட வேண்டிய ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரைவிட்டு முழுதாகத் தூக்குவதே விதிப்படி தப்பு. மடியில் வைத்துப் போட்டோ எடுப்பதெல்லாம் கூடாது.

2016-இலிருந்து இந்த மாநிலத்தில் வைல்டு ஸ்டீல்ஹெட் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. 2020 டிசம்பரில் மீன் வருகை மிகக் குறைந்ததால், கடற்கரை ஆறுகளில் படகில் இருந்தபடி தூண்டில் போடுவதையும் தடுத்தார்கள். படகில் போய்க் கரையில் இறங்கிப் பிடிக்க மட்டும் விட்டார்கள். நிறைய பேர் திட்டினார்கள். நான் அதை ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். படகு எட்டாத தண்ணீர் என்று ஆற்றில் எதுவுமே மிஞ்சவில்லை என்றால் மீன் எங்கேதான் ஒதுங்கும்?

சரி, இரண்டும் ஒரே ஆற்றில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஓரிகனின் ஹூட் ஆற்றில் மரபணுவை வைத்து ஸ்டீல்ஹெட் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்த ஆய்வு 2007-இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஹேட்சரியில் வளர்கிற ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் பிழைத்துக் குஞ்சு விடும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது என்றது அது. ஹேட்சரிக்குத் திரும்பாமல் வழிதவறி ஆற்றிலேயே ஜோடி சேர்கிற மீன் அந்தப் பலவீனத்தையும் கொண்டுபோகிறது. மான்டானாவில் மேடிசன் ஆற்றில் ட்ரவுட் விடுவதை நிறுத்திப் பார்த்தபோது வைல்டு மீன் பெருகியது. 1974-இல் அந்த மாநிலம் ஆறுகளில் ட்ரவுட் விடுவதையே கைவிட்டது. இங்கே ஸ்காகிட் ஆற்றில் 2014-இல் ஒரு வழக்கின் சமரசப்படி அந்தச் சேம்பர்ஸ் கிரீக் குஞ்சுகளை 12 வருடம் விடுவதில்லை என்று முடிவாயிற்று. 2018-இல் அதே ஸ்காகிட் வைல்டு ஸ்டீல்ஹெட்டுக்காக, பிடித்து விடும் முறையில் மறுபடி திறந்தது. திறந்த செய்தி வந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அதற்காக ஹேட்சரிகளை வில்லனாக்கவும் மாட்டேன். கொலம்பியா ஆற்றில் மீன் அணையைத் தாண்டி ஏற உதவும் மீன் ஏணியே இல்லாமல் கிராண்ட் கூலி அணையைக் கட்டி, மேலே இருந்த நூற்றுக்கணக்கான மைல் ஆற்றை மூடினார்கள். அணைகளால் போனதற்கு ஈடாகத்தான் பல ஹேட்சரிகள் வந்தன. பழங்குடி மக்களுக்கு அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தப்படி பிடிக்கத்தக்க மீனில் பாதி உரிமை உண்டு என்று 1974-இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். மீனே இல்லாத ஆற்றில் பாதி என்பதற்கு என்ன அர்த்தம்? பல ஆறுகளில் அந்த உரிமைக்கு உயிர் கொடுப்பதே ஹேட்சரி மீன்தான்.

ஆனால் ஹேட்சரி செய்ய முடியாததை ஒலிம்பிக் தீபகற்பத்தின் எல்வா ஆறு செய்துகாட்டியது. 2011 முதல் 2014-க்குள் அதன் இரண்டு அணைகளையும் இடித்தார்கள். அணைக்கு மேலே சுமார் நூறு வருடம் அடைபட்டிருந்த ரெயின்போ ட்ரவுட்டின் வம்சத்திலிருந்து கோடைக்கால ஸ்டீல்ஹெட் தானாகவே திரும்பிவந்தது. கோடைக்கால வகைக் குஞ்சை யாரும் விடவில்லை. கடலுக்குப் போகிற குணத்தை அந்த மீன்கள் அத்தனை தலைமுறையாக உடம்புக்குள் வைத்திருந்தன.

சால்மனைப் பொறுத்தவரை என் பதில் வேறு. நியா பேயிலோ வெஸ்ட்போர்ட்டிலோ கடலில் சினூக், கோஹோ வகைச் சால்மன் பிடிக்கும்போது வலைக்குள் வருகிற வரை எது எது என்றே தெரியாது. அங்கே இந்தக் கேள்வி விதிப்புத்தகத்துக்கு முக்கியம், விளையாட்டுக்கு அவ்வளவாக இல்லை. அப்புறம், வைல்டு என்றால் எப்போதும் திருப்பி விட வேண்டும் என்றும் இல்லை. சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் ஒற்றைப்படை வருடங்களில் வருகிற பிங்க் சால்மனில் பெரும்பகுதி வைல்டுதான். வருகை நன்றாக இருக்கிற வருடங்களில் அதைச் சமைத்துச் சாப்பிடலாம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர் குளிர்காலத்தில் கௌலிட்ஸ் ஆற்றில் ப்ளூ கிரீக் போன்ற ஹேட்சரி இடத்துக்குப் போய்த் தக்கை ஓட்டப் பழகுங்கள். கை பழகிய பிறகு மார்ச்சில் ஹோ பக்கம் போங்கள். கிளம்புகிற காலையில் அவசர விதி மாற்றங்களைப் பார்த்துவிடுங்கள். இரவோடு இரவாக ஆறுகளை மூடுவதுண்டு.

இன்னொன்று. கொழுப்புத் துடுப்பு வெட்டிய ஸ்டீல்ஹெட்டைப் பெருந்தன்மையாக நினைத்துத் திருப்பி விடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எடுத்துக்கொள்ள அனுமதி இருக்கிற ஆற்றில் அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் விட்ட மீன் மேலே போய் ஆற்றில் பிறந்த மீனோடு ஜோடி சேரலாம். கொலம்பியாவின் மேல்பகுதியில் மெத்தோ போன்ற ஆறுகளை ஸ்டீல்ஹெட்டுக்குத் திறந்த சீசன்களில், பிடிபட்ட ஹேட்சரி மீனை எடுத்தே ஆக வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள்.